மூன்று நாளும் மூன்றாவது மணி நேரமும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கலைக்காக எழுதவில்லை. இதற்கு முன் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காக எழுதுகிறேன். அச்சில் ஏறிய வாக்கியத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாக்கியம் இது: "மூன்று நாள் வலியை வீட்டிலேயே வைத்துப் பார்த்ததால், மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது குடலின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது."

ஒரு மருத்துவமனையின் ஆண்டு மலரில் வந்தது. என் அக்காவின் கணவர் அங்கே சர்ஜன். அத்தான் கொடுத்த நாலு பக்கக் குறிப்பைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி கட்டுரையாக்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. சிறுகுடல் முழுவதையும் ஒரு வெள்ளைச் சவ்வு பை மாதிரி சுற்றிக்கொள்ளும் நோய் பற்றிய குறிப்பு. ஒரு சர்ஜன் தன் ஆயுளில் ஒன்று பார்த்தால் அதிகம் என்றார் அத்தான். குறிப்பில் எல்லாம் இருந்தது. வலி தொடங்கிய தேதி, சேர்த்த தேதி, வயிற்றைத் திறந்தது, ஆறாம் நாள் மறுபடி திறந்தது, குடலை வெட்டி எடுத்தது. ஏன் வெட்ட வேண்டி வந்தது என்பது மட்டும் இல்லை.

எழுதுகிறவனுக்குக் காரணம் இல்லாமல் பத்தி நகராது. தேதிகளைப் பார்த்தேன். வலி தொடங்கியதற்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கும் நடுவே மூன்று நாள் சும்மா கிடந்தது. எடுத்துப் பொருத்திவிட்டேன். அச்சாகி வந்தபோது கட்டுரையிலேயே அதுதான் நல்ல வாக்கியம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆறு மாதம் கழித்து, அந்த நோயாளியை வைத்து ஒரு கதை பண்ணலாமே என்று கை அரித்தது. அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துவார், படங்களுக்குச் சட்டம் போடுவார். வீட்டில் கிடந்த ஒரு பழைய புகைப்படத்தைச் சாக்காக எடுத்துக்கொண்டு, யாரென்று சொல்லாமல் போய் நின்றேன்.

கம்பளி விரித்த நீள மேஜையில் அவருடைய மனைவி கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். பின்னால் மரத் தடுப்புகளில் பெரிய பெரிய கண்ணாடிகள் செய்தித்தாள் செருகிச் சாய்ந்திருந்தன. கண்ணாடிக்காரர் ஓரத்தில் ஒரு நாற்காலியில், தனக்குப் பெரிதாகிப்போன சட்டைக்குள் உட்கார்ந்திருந்தார். அவருடைய தலைக்கு மேல் கறுப்புச் சட்டம் போட்டு ஆணியில் தொங்கியது என் கட்டுரை.

"அதையா பார்க்கிறீங்க? அது நான்தான் சார்," என்றார் அவர். குரலில் அத்தனை சந்தோஷம். "பேர் போடல, ஆனா நான்தான். யாருக்குமே வராத வியாதியாம். அந்த டாக்டர் இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல. தெய்வம் சார் அவர்."

"நல்லா எழுதியிருக்காங்க போல," என்றேன், வெட்கமில்லாமல்.

"இவளுக்கு அது மனப்பாடம்."

அந்தம்மா தலையை நிமிர்த்தவில்லை. வைரமுனையைக் கண்ணாடிமேல் இழுத்துக்கொண்டே, "மூன்று நாள் வலியை வீட்டிலேயே வைத்துப் பார்த்ததால்," என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல் என் வாக்கியத்தை ஒப்பித்தார். பிறகு கண்ணாடியை மேஜை விளிம்புக்கு இழுத்து, ஒரு அழுத்து அழுத்தினார். அது கோடு போட்ட இடத்தில் பிரிந்தது.

"அது என்னைச் சொல்றது," என்றார். "வேலையை முடிச்சுட்டுப் போலாம்னு நான்தான் சொன்னேன்."

நான் புகைப்படத்தைக் கொடுத்துவிட்டு, அளவு சொல்லிவிட்டு, வெளியே வந்தேன். கதை கிடைத்துவிட்டது. அதுதான் முதலில் தோன்றியது, மறைப்பானேன். அந்தம்மா சொன்னது உறைத்தது பிறகுதான்.

2

அன்று மாலையே அத்தானைப் பார்க்கப் போனேன். கடைசி நோயாளி போன பிறகு உள்ளே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்றதும் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தம்மா அதை மனப்பாடமா சொல்லுதா?"

"ஒரு எழுத்து விடாம."

அவர் உட்கார்ந்தார். நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

"மாப்ளே, அவங்க கூட்டிட்டு வந்தப்போ குடல் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ மூணு நாள்?"

"மூணு நாளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் வயித்தைத் திறந்து அடைப்பை எடுத்து விட்டதும் குடல் முழுக்க ரோஸ் கலருக்கு வந்துருச்சு. அப்படியே மூடியிருந்தா அந்த மனுஷன் பத்து நாள்ல நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்."

பிறகு ஒரு மணி நேரம் சொன்னார். நான் குறிப்பு எடுக்கவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை என்று எழுதினால் நன்றாயிருக்கும். உண்மையில் பேனா எடுக்கப் பையில் கை விட்டேன், அவர் பார்த்த பார்வையில் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

3

இதை எப்படித் தொடங்குவது? நான் போட்டுப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "தியேட்டரின் விளக்குகள் எரிந்தன. சர்ஜன் தன் கையுறைகளை நிதானமாக—"

[விட்டுவிட்டேன். எல்லாக் கதையிலும் சர்ஜன்கள் கையுறையை நிதானமாகத்தான் மாட்டுகிறார்கள்.]

தொடக்கம் இரண்டு: "மனிதனுடைய சிறுகுடல் வயிற்றுக்குள் மடிப்பு மடிப்பாக—"

[பாடம் நடத்துகிறேன். இதற்கு யாரும் கதைக்கு வரவேண்டியதில்லை.]

தொடக்கம் மூன்று: "அன்று காலை சர்ஜனுக்கும் மனைவிக்கும் சண்டை. முந்தின நாள் முழுக்கத் தூக்கமில்லை. அந்தக் களைப்பில்தான்—"

[பொய். அக்காவிடம் கேட்டேன், சண்டை ஒன்றும் இல்லையாம். அத்தான் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம். பார்த்தீர்களா, மறுபடியும் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துப் பொருத்தப் பார்க்கிறேன். பட்டும் புத்தி வரவில்லை.]

தொடக்கம் நாலு: சர்ஜன் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

இது உண்மை. இதிலிருந்து போகிறேன். இனிமேல் கொஞ்ச நேரம் நான் இல்லை, சர்ஜன் மட்டும்தான்.

சர்ஜன் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார். காலை பத்து மணிக்கு வயிற்றைத் திறந்தார். ஸ்கேனில் குடல் ஒரே இடத்தில் கும்பலாகக் கிடந்ததைப் பார்த்து குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். திறந்ததும் குடலைக் காணோம். குடல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு வெள்ளைப் பை. அதற்குள் குடலின் வளைவுகள் மங்கலாகத் தெரிந்தன. படிக்கிற காலத்தில் ஒரு புத்தகத்தில், பக்கத்தின் கீழ் மூலையில், கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு படம் பார்த்திருந்தார். இருபத்தாறு வருஷமாகிவிட்டது.

"அட," என்றார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். நர்ஸ் பக்கத்துத் தியேட்டருக்குப் போன் செய்தார். அங்கிருந்து இரண்டு சர்ஜன்கள் முகமூடியோடு ஓடி வந்து பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அதிர்ஷ்டக்காரர் என்று சர்ஜனைச் சொன்னார்கள். படுத்திருந்தவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

சர்ஜன் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சவ்வு தடித்துக் கயிறு மாதிரி குடலை இறுக்கியிருந்தது. அதற்கு முன்னால் குடல் வீங்கியிருந்தது, பின்னால் சுருங்கிக் கிடந்தது. அதுதான் அடைப்பு. மூன்று நாளாகக் கண்ணாடிக்காரருக்கு வலி கொடுத்தது அதுதான். சர்ஜன் அதை வெட்டினார். வீக்கம் மெதுவாக அடுத்த பக்கம் நகர்ந்தது. நிறம் திரும்பியது. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம்.

"விட்டுருச்சே சார்," என்றார் டாக்டரம்மா. "மூடிடலாமா?"

"இரும்மா. இனிமே இதை நான் எப்பப் பார்க்கப் போறேன்?"

[அடிக்குறிப்பு, ஆனால் கீழே போடாமல் இங்கேயே: சவ்வு முழுவதையும் உரித்து எடுப்பதுதான் முறை என்று சொல்லும் சர்ஜன்கள் இருக்கிறார்கள். அடைப்பை விடுவித்ததோடு கையை எடுத்துவிடு என்பவர்களும் இருக்கிறார்கள். அத்தானுடைய சகாக்கள் பிறகு கூடிப் பேசியபோது அவர் செய்ததில் குற்றம் சொல்லவில்லை. அத்தானும் அதையெல்லாம் எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, "செஞ்சது சரியா தப்பாங்கிறது இல்ல மாப்ளே. எதுக்காகச் செஞ்சேன்னு எனக்குத் தெரியும்ல," என்றார்.]

முதல் இரண்டு மணி நேரம் வெங்காயத்தோல் உரிகிற மாதிரி உரிந்தது. சர்ஜன் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில், குடல் முடிகிற பக்கத்தில், சவ்வும் குடல் சுவரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எது எது என்று கத்தரிக்கோலின் நுனிக்குத் தெரியவில்லை. மிளகளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. சர்ஜன் தைத்தார். இரண்டு அடுக்காக, நன்றாகத் தைத்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஒரு சாண் நீளம்தான் பாக்கி இருந்தது, அதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. இன்னொரு ஓட்டை விழுந்தது. அதையும் தைத்தார்.

கடைசியில் சவ்வு முழுவதும் எஃகுத் தட்டில் கிடந்தது. சர்ஜன் அதை இடுக்கியால் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

4

ஐந்து நாள் கழித்து, வயிற்றில் வைத்திருந்த குழாயில் பச்சையாகக் குடல்நீர் இறங்கியது. தையல் விட்டுவிட்டது. மறுநாள் வயிற்றை மறுபடி திறந்தபோது உள்ளே பார்க்கிற மாதிரி இல்லை. வெட்ட வெட்ட அடுத்த இடமும் வெட்ட வேண்டியதாக இருந்தது. கடைசியில் மிஞ்சியது இரண்டு முழம்.

இரண்டு முழக் குடலோடு மனிதன் பிழைக்கலாம். கண்ணாடிக்காரர் பிழைத்தார். ஒரு நாளைக்கு எட்டு தடவை, கை நிறையாத அளவு சாப்பிடுகிறார். சாப்பிட்டது வயிற்றில் நிற்பதற்குள் கழிப்பறைக்கு ஓடுகிறார். ஏணி ஏற முடியாது, பெரிய கண்ணாடி தூக்க முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி வழியாகச் சத்து ஏற்றிக்கொள்கிறார். போகும்போதெல்லாம் சர்ஜனுடைய அறை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். அந்த நாட்களில் சர்ஜன் பின்பக்கப் படி வழியாக வருகிறார்.

இரண்டாவது அறுவை முடிந்த மத்தியானம், தாழ்வாரத்துப் பெஞ்சிலிருந்து கண்ணாடிக்காரரின் மனைவி எழுந்து வந்தார். சர்ஜன் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கதவைத் திறந்திருந்தார். ஆனால் கேள்வி வேறு மாதிரி வந்தது.

"டாக்டர், மூணு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல?"

சர்ஜன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்கம்மா," என்றார். தோளைத் தொட்டு, அன்பாகத்தான் சொன்னார்.

சொல்லில் ஒரு பொய்யும் இல்லை. அந்தம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பிப் போனார். எடுத்துக்கொள்வார் என்று சர்ஜனுக்கும் தெரிந்திருந்தது.

[இங்கே நான் மறுபடி வருகிறேன், வர வேண்டியிருக்கிறது. ஆண்டு மலர் அச்சுக்குப் போகும் முன் அத்தான் கட்டுரையைப் படித்தார். கமா முதல் திருத்திக் கொடுத்தவர், என் வாக்கியத்தை மட்டும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்த வரியைப் படிச்சதும் நெஞ்சுல இருந்த பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு மாப்ளே. யாரோ எனக்காக யோசிச்சு எழுதின மாதிரி. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. யாரும் கேட்காமலே ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டியிருக்கிறேன். அதற்கு முதல் வாசகர் நன்றியும் சொல்கிறார்.]

5

இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. கண்ணாடிக்காரரின் மனைவியைச் சொல்கிறேன்.

முதல் வரைவில் அவரை வாயாடியாக்கியிருந்தேன். "வேலைன்னு வந்தா மட்டும் உங்களுக்கு எங்கிருந்துதான் வயித்துவலி வருதோ!" என்று ஒரு வசனம். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பிறகுதான் யோசித்தேன், இதை எங்கே கேட்டேன்? எங்கேயும் கேட்கவில்லை. அவரைக் கொஞ்சம் குற்றவாளியாக்கினால் கதைக்குக் காரம் ஏறும் என்று நானே போட்டது.

புகைப்படத்தை வாங்கப் போனபோது உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் அடித்த பெரிய காற்றில் ஒரு பள்ளிக்கூடத்தின் முப்பத்தெட்டு ஜன்னல் கண்ணாடியும் உடைந்துபோயிற்று. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் வலி தொடங்கியது. அவருக்கு வருஷத்தில் நாலைந்து தடவை வந்து போகிற வலிதான். அந்தம்மா வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தார். "இது முடிஞ்சதும் போய்க் காட்டிடலாம்," என்றார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

அந்தம்மா உள்ளே கண்ணாடி ஒட்டும் சுண்ணப்பசை எடுக்கப் போன நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் என்னிடம் குனிந்து சொன்னார்: "சனிக்கிழமை அவளே டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டா சார். நான்தான் வேண்டாம்னேன். சொன்னா ஞாபகமில்லங்கிறா."

"நீங்க அழுத்திச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. அவளுக்காகச் சொல்றேனாம்."

அந்தம்மாவுக்குத் தான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. டாக்டரிடம் போகலாமா என்று தான் கேட்டது மட்டும் மறந்துவிட்டது. அதற்குப் பதிலாக என் வாக்கியம் போய் உட்கார்ந்துகொண்டது.

வாயாடி வசனத்தை அடித்துவிட்டேன். மேலே வைத்திருப்பது நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

6

முடிவுகள்.

முடிவு அ: சர்ஜன் கடைக்குப் போகிறார். எல்லாவற்றையும் சொல்கிறார். அந்தம்மா அழுகிறார், சர்ஜனும் அழுகிறார், கண்ணாடிக்காரர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு—

[அடித்தேன். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் அழவைப்பது எனக்குச் சுலபம். அவர்களுக்கு அப்படியில்லை.]

முடிவு ஆ: கண்ணாடிக்காரர் ஆத்திரத்தோடு எழுந்து சட்டத்தைப் பிடுங்கித் தரையில் அடிக்கிறார். கண்ணாடி சுக்குநூறாக—

[கண்ணாடிக் கடையில் கதை நடந்தால் கடைசியில் கண்ணாடி உடைந்தே ஆக வேண்டுமா? அப்படி ஒரு சட்டம் எதுவும் இல்லை.]

முடிவு இ, நடந்தது: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அத்தானும் போனோம். நான் நச்சரித்துத்தான் கிளப்பினேன். கண்ணாடிக்காரர் எழுந்து நிற்க முயன்றார். அத்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். டீ வந்தது. என்னை அத்தானோடு பார்த்து அந்தம்மா கொஞ்சம் குழம்பினார். மச்சினன் என்றார் அத்தான், அதோடு விட்டுவிட்டார்.

டீ ஆறியது. சர்ஜன் தன் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொன்னவர். டம்ளரை எடுத்தார், குடிக்காமலே கீழே வைத்தார்.

"அம்மா, அந்தக் கட்டுரையில எழுதியிருக்கே, மூணு நாள்னு. அது அப்படி இல்ல. நீங்க லேட் பண்ணதால எதுவும் ஆகல."

அந்தம்மா அவரையே பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"இதைச் சொல்லவா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். "உங்க மனசு யாருக்கு வரும் டாக்டர். என் ஆறுதலுக்குச் சொல்றீங்க. எனக்குத் தெரியாதா."

"ஆறுதலுக்கு இல்லம்மா."

"நான் பார்த்துக்கறேன் டாக்டர். நீங்க கவலைப்படாதீங்க."

இப்போது மீதியைச் சொன்னால்தான் முதலில் சொன்னதையே அவர் நம்புவார். அத்தான் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. நான் நெஞ்சுக்குள் சொல்லுங்க, சொல்லுங்க என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அதைக் கழட்டிடலாமே," என்றார் அத்தான், சுவரைக் காட்டி.

"ஐயோ, அதெப்படி டாக்டர்!" என்றார் கண்ணாடிக்காரர். "என் கையால கடைசியாப் போட்ட சட்டம் அது."

அத்தான்தான் கார் ஓட்டினார். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே சொன்னார்: "நீ எழுதிக் குடு மாப்ளே. எழுதினதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். என் வாயால வராது. இன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

எழுதினதை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். சர்ஜன் உரித்துக்கொண்டே போனதைப் புகழ் ஆசையில் என்று எழுதியிருந்தேன்.

"புகழ் எல்லாம் இல்ல. அடிச்சிடு."

"அப்போ என்ன போடட்டும்?"

தாளைக் கையில் வாங்கி அந்த வரியைத் திரும்பப் படித்தார்.

"அழகா இருந்துச்சு மாப்ளே," என்றார்.

அதை எங்கே போடுவது என்று தெரியாமல் இங்கே போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் வயிற்றைச் சீக்கிரம் மூடிவிடுகிறார் என்று தியேட்டர் நர்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். சில சமயம் தேவைக்கும் முன்னாலேயே.

7

நீங்கள் இதுவரை படித்த ஆறு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணாடிக்காரர் பின்னறையில் படுத்திருந்தார். தாள்களை மேஜைமேல் வைத்தேன்.

"இதைப் படிச்சுப் பாருங்கம்மா. நானே சொல்லியிருக்கணும். எனக்கும் வாயில வரல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நடுவில் ஒருவர் அலமாரிக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். அந்தம்மா எழுந்து, அளந்து, அறுத்து, ஓரம் தேய்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்தில் விரலை வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். முடித்ததும் மறுபடி மூன்றாம் பகுதிக்குப் போனார். அங்கே விரல் வெகு நேரம் நகரவில்லை.

"அந்த வரி நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"நல்லா எழுதியிருந்தீங்க," என்றார். "நான் நம்பிட்டேன்."

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதப்போவதில்லை. எந்தப் பதிலும் தேறாது.

"இதை அந்தப் புத்தகத்துல போடுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ எதுல போடுவாங்களோ அதுல போடுங்க."

தாள்களை ஒன்றுசேர்த்து மேஜையில் தட்டி ஓரம் சரிசெய்தார். தட்டிக்கொண்டே இருந்தார். ஓரம் எப்போதோ சரியாகிவிட்டது.

"மூணாவது மணி நேரம்னா, பத்துக்கு ஆரம்பிச்சா, பன்னண்டுக்கு மேலயா?"

"பன்னண்டுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல."

"அந்த நேரம் நான் வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்," என்றார். "பள்ளிக்கூடத்து ஜன்னல் என்னடி உனக்குப் பெருசாப் போச்சுன்னு என்னையே வைஞ்சுக்கிட்டு. உள்ள இருக்கிறவர் நல்லா இருக்கணும்னு வேண்டக்கூடத் தோணல. என்னை வைஞ்சுக்கவே நேரம் சரியாப் போச்சு. அப்பத்தானா?"

"அப்பத்தான்மா."

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பின்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. "யாரும்மா அது?" என்று கண்ணாடிக்காரர் குரல் கொடுத்தார். "டாக்டர் அனுப்பினாரா?"

அந்தம்மா தாள்களை இரண்டாக மடித்தார். இந்த இடத்துக்கு மூன்று விதமான பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் எல்லாவற்றையும் சொல்கிறார். ஒன்றில் எதையும் சொல்லவில்லை, அவருடைய தெய்வத்தை அவருக்கே விட்டுவைக்கிறார். இன்னொன்றில்—

[மூன்றையும் எடுத்துவிட்டேன்.]

அவர் பின்னறைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்கு எத்தனை ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காது அங்கேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் வேண்டுமானால் நின்று கேளுங்கள். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.